+1 பிள்ளைகளுக்கு ஆழமான சுற்றுச்சூழல் அறிவியல்: வடகடல், தென்கடல் ஒப்பீடு ஆய்வாக நிற்குமா?

கேள்வி: கடலோர ஆசிரியை

வணக்கம். மண்டபம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். +1, +2 உயிரியல் பிரிவில் ஆர்வமுள்ள இருபது பிள்ளைகளைச் சேர்த்து, பாடப்புத்தகத்தைத் தாண்டிச் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்க ஒரு குழு வைத்திருக்கிறோம். +2 தாவரவியல், விலங்கியல் இரண்டிலும் சூழலியல் பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. செய்முறைதான் போதவில்லை. அதனால் அமெரிக்கப் பள்ளிகளின் ஏ.பி. (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிப்பது) சுற்றுச்சூழல் அறிவியல் பாடத்திட்டத்தைச் சட்டகமாக எடுத்துக்கொண்டோம். வகுப்பு நேரத்தில் கால் பங்காவது செய்முறைக்குப் போக வேண்டும் என்கிறது அது. இரண்டு கடலுக்கு நடுவில் இருக்கும் நாம் அந்தக் கால் பங்கைக் கரையில்தான் செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை, என் ஆசையும்.

அவர்கள் எடுத்த தலைப்பு: வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா), எதில் நீர் நன்றாக இருக்கிறது? இரண்டு இடத்திலும் இடுப்பளவு ஆழம், கீழே கடல்தாழை (கடற்புல்). கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் (கரைசல்கள் விட்டு, பியூரெட்டால் தரம் பார்த்து) அளந்தார்கள்.

வடகரை, காலை 7 மணி: வெப்பம் 28 டிகிரி, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5.1 மி.கி.
தென்கரை, பிற்பகல் 2 மணி: வெப்பம் 31 டிகிரி, கரைந்த ஆக்சிஜன் 6.9 மி.கி.
உப்புத்தன்மை இரண்டிலும் ஆயிரத்துக்கு 34, 35.

"வடகடல் மாசுபட்டிருக்கிறது" என்று முடிவு எழுதியிருக்கிறார்கள். கையில் உள்ள அட்டவணையில் 30 டிகிரிக்குச் சுமார் 7.5 என்று போட்டிருப்பதால், தென்கடலும் கொஞ்சம் கெட்டிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

இந்த முடிவு நிற்குமா? நிற்காது என்றால் இந்தக் கரையில் எந்தக் கேள்வியை எடுக்கலாம்? பள்ளியில் பியூரெட், பிப்பெட், 0.01 கிராம் காட்டும் தராசு, ஆக்சிஜன் அளக்க நீர் பிடிக்கும் 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டில்கள் ஆறு, பி.எச். தாள், உப்பு அளக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கின்றன. புதிதாகச் செலவழிக்க ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் முடியாது. கடல்நீரில் வேறு எதெல்லாம் அளக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பதில் 1: பியூரெட்

வணக்கம் டீச்சர். அளவுகள் நம்பக்கூடியவைதான். முடிவுதான் தப்பு. அந்த அளவுகளே ஏன் தப்பு என்று சொல்லிவிடுகின்றன.

முதலில் அட்டவணை. 30 டிகிரிக்கு 7.5 என்பது நன்னீருக்கான தெவிட்டு அளவு, அதாவது காற்றோடு சமநிலையில் நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன். உப்பு ஏற ஏற நீரில் ஆக்சிஜன் கரையும் அளவு குறையும். ஆயிரத்துக்கு 35 உப்புள்ள கடல்நீரில் 28 டிகிரிக்குச் சுமார் 6.4, 31 டிகிரிக்குச் சுமார் 6.1 மி.கி. அவ்வளவுதான் கரைந்து நிற்கும். இப்போது பிள்ளைகளை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 5.1 / 6.4 = 80 சதவீதம், 6.9 / 6.1 = 113 சதவீதம். தென்கரை நீரில் தெவிட்டு அளவுக்கும் மேலே ஆக்சிஜன் இருக்கிறது. காற்றிலிருந்து மட்டும் கரைந்தால் 100-ஐ இவ்வளவு தாண்டாது. தாழையும் பாசியும் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை செய்து விட்ட ஆக்சிஜன் அது.

அதே தாழை இரவு முழுக்கச் சுவாசிக்கும், ஆக்சிஜன் இறங்கும். விடியற்காலையில் அடிமட்டம், பிற்பகலில் உச்சம். ஆக, பிள்ளைகள் அளந்தது பெரும்பாலும் காலைக்கும் பிற்பகலுக்கும் உள்ள வித்தியாசம். கடலும் நேரமும் சேர்ந்தே மாறியதால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. தென்கரைக்குக் காலையில் போய், வடகரைக்குப் பிற்பகலில் போயிருந்தால் தென்கடல்தான் மாசு என்று எழுதியிருப்பார்கள். இந்த அளவுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரே இடத்தில் காலை 6 மணி முதல் மாலை 6 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்து வரைபடம் போட்டால், சூழல்மண்டலத்தின் மூச்சு என்ன என்பதை அந்த ஒரு கோடே காட்டிவிடும். பாடத்தில் வரும் மொத்த உற்பத்தி, நிகர உற்பத்தி எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது.

விங்க்ளர் செய்யும்போது கவனிக்க வேண்டியவை. பாட்டிலை நேரே முக்கி எடுக்காதீர்கள், குமிழ் விட்டுக் காற்று கலக்கும். ரப்பர் குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். மெதுவாக நிரப்பி, பாட்டில் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோடிய பிறகு குழாயை எடுத்து மூடுங்கள். 1 மி.லி. காற்றில் ஏறக்குறைய 0.27 மி.கி. ஆக்சிஜன் இருக்கிறது. அப்படி ஒரு குமிழ் மாட்டி, அதிலுள்ளது முழுக்க வினைப்பட்டால் 300 மி.லி. பாட்டிலில் லிட்டருக்கு 0.9 மி.கி. கூடுதலாகக் காட்டும். நீங்கள் தேடும் வித்தியாசத்தில் பாதியை ஒரு குமிழ் தின்றுவிடும்.

கரைசல்கள் 100 மி.லி. அளவுக்கு: மாங்கனஸ் சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 36.4 கிராம் ஒன்றில். சோடியம் ஹைட்ராக்சைடு 50 கிராமும் பொட்டாசியம் அயோடைடு 15 கிராமும் இன்னொன்றில். சோடியம் அசைடு சேர்க்கச் சொல்வார்கள். அது நைட்ரைட்டின் குறுக்கீட்டைத் தடுக்க. கொடிய நஞ்சு, திறந்த கரை நீருக்கு அது இல்லாமலே செய்யலாம், பள்ளிக்குள் வேண்டவே வேண்டாம். சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைக்கும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

கரையிலேயே, தனித்தனிப் பிப்பெட்டால், நுனி நீருக்குள் இருக்கும்படி ஒவ்வொன்றும் 1 மி.லி. விட்டு, காற்று தங்காமல் மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். பழுப்புப் படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. கடல்நீரில் படிவு மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்படாமல், பாதி பாட்டில் தெளிந்ததும் ஒருமுறை கவிழ்த்து மறுபடி இறங்க விடுங்கள். பிறகு அடர் சல்ஃபூரிக் அமிலம் 1 மி.லி. இதை நீங்களே ஊற்றுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். படிவு கரைந்து தெளிந்த தேன் நிறமாகும். அமிலம் விட்ட பாட்டிலை வெயிலில் வைத்தால் அயோடின் ஆவியாகி அளவு குறையும். நிழலில், துணி சுற்றிக் கொண்டுவந்து சில மணி நேரத்துக்குள் தரம் பாருங்கள்.

201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டால் தரம் பார்த்தால், செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். 200 இல்லை, 201. இரண்டு கரைசல் விட்டதில் 2 மி.லி. நீர் வெளியேறிவிட்டது, அதற்கான திருத்தம் அது. வைக்கோல் நிறம் வந்த பிறகுதான் ஸ்டார்ச். முன்னாலேயே விட்டால் ஸ்டார்ச் அயோடினைப் பிடித்துக்கொண்டு முடிவுப் புள்ளியை இழுத்தடிக்கும்.

பி.எச். தாளைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். கடல் அமிலமாதல் என்று படிக்கிறார்களே, தொழிற்புரட்சிக்கு முன்பிருந்து இன்றுவரை இறங்கியது மொத்தமே 0.1 அளவுதான். 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி 26 சதவீதம் கூடும், ஆனால் ஒன்று ஒன்றாக நிறம் மாறும் தாளில் அது தெரியாது.

பதில் 2: நீர்வத்தம்

டீச்சர், நேரத்தைச் சரிசெய்தாலும் வடகடலையும் தென்கடலையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ராமேஸ்வரம் பக்கம் ஒன்றைப் பெண் கடல், ஒன்றை ஆண் கடல் என்பார்கள். அலை வேறு, ஆழம் வேறு, தரை வேறு. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற ஆனி, ஆடியில் தென்கடல் கலங்கிக் கிடக்கும், வடகடல் குளம்போல நிற்கும். வாடை (வடகிழக்குக் காற்று) எடுத்துவிட்டால் ஐப்பசியிலிருந்து தை வரை அப்படியே மாறிப்போகும். வாடை நேரத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த தண்ணீரும் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். ஜூலையில் எடுத்தால் ஒரு விடை, டிசம்பரில் எடுத்தால் எதிர் விடை. இரண்டும் மாசுக் கணக்கு கிடையாது, காற்றுக் கணக்கு.

பள்ளி நாட்காட்டிக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை வடகரையில் வேலை, நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்கரையில் வேலை. இரண்டையும் ஒப்பிட வேண்டாம். அந்தந்தக் கரைக்குள்ளேயே கேள்வி கேளுங்கள்.

தாழையைப் பார்க்க வத்தம் (கடல் நீர் வற்றி இறங்குவது) நன்றாக இறங்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் வத்தம் கூடுதலாக இறங்கும், அட்டமி நவமியில் நீராட்டம் குறைவு. நம் கடலில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் காற்று ஓங்கி அடித்தால் நாள்காட்டியில் போட்ட வத்தம்கூடக் கரையில் தெரியாமல் போகும். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் கரையில் வலை காய வைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டவணையையும் பாருங்கள், அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

வத்தம் முடிகிற நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இறங்குங்கள். நீர் திரும்பிய பிறகு இறங்கினால் பாதியில் வேலையை விட்டு ஏற வேண்டிவரும். மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நடந்தால் அது விலகிப் போய்விடும். பழைய கேன்வாஸ் ஷூ கட்டாயம், செருப்பு சேற்றில் நின்றுவிடும். சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருக்கும் நாளில் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். இருபது பேரில் ஒரே நேரத்தில் நீருக்குள் எட்டுப் பேர், முழங்கால் ஆழம். அதற்கு மேல் ஆழம் என்றால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.

பதில் 3: தாழைக்காடு

கேள்வியை மாற்றினால் உங்கள் பிள்ளைகளின் உழைப்பு வீணாகாது. இரண்டு இடத்தைக் குத்துமதிப்பாக ஒப்பிடுவதை விட்டு, ஒரே கரையில் ஒரு காரணத்திலிருந்து விலகிச் செல்லும் தூரத்தை எடுங்கள். ஊரின் கழிவு வாய்க்கால் கடலில் சேரும் வாய் ஒன்று இருக்கும் அல்லவா? அதிலிருந்து கரையோரமாக 10, 20, 40, 80, 160 மீட்டரில் ஐந்து புள்ளிகள். எல்லாம் ஒரே முழங்கால் ஆழம். தூரம் சார்பற்ற மாறி. தாழைப் போர்வை (தரையில் தாழை மூடியிருக்கும் சதவீதம்), உப்புத்தன்மை, ஆக்சிஜன் தெவிட்டு சதவீதம் சார்ந்த மாறிகள். ஆழமும் தரையும் மாறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

இதிலும் நேரம் உள்ளே புகும். 10-இல் தொடங்கி 160-இல் முடித்தால், தூரம் கூடக் கூட நேரமும் ஆகிறது, வெயில் ஏறுகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. வாய்க்காலிலிருந்து விலக விலக நீர் நல்லதாகிறது என்று ஒரு பொய்க்கோடு அழகாக வரும். வெப்பம், உப்பு இரண்டையும் போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை அளந்து சராசரி எடுங்கள். ஆக்சிஜனுக்கு இரண்டு குழு எதிரெதிர் முனையிலிருந்து புறப்படட்டும். ஐந்து புள்ளிக்கு இருமுறை என்றால் பத்துப் பாட்டில். ஆறுதான் இருப்பதால் 10, 40, 160 மூன்றுக்கு மட்டும் ஆக்சிஜன் போதும். பாட்டிலுக்காகப் புள்ளிகளைக் கூட்டிவிட்டு, மீள் அளவீட்டை விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை வேண்டும், காலில் புண் உள்ளவர்களை இறக்க வேண்டாம்.

தாழை அளக்கச் சதுரச் சட்டம் நீங்களே செய்யலாம். அரை அங்குல பி.வி.சி. குழாய், நான்கு எல்போ. உள்பக்கம் சரியாக 50 செ.மீ. வர வேண்டும், எல்போ எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துத்தான் குழாயை அறுக்க வேண்டும். குழாயில் அங்கங்கே துளை போடுங்கள், இல்லாவிட்டால் மிதந்துகொண்டே இருக்கும். நைலான் கயிற்றால் ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. இடைவெளியில் கட்டினால் 25 கட்டம், கட்டத்துக்கு 4 சதவீதம். கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் கயிறு மூன்று, ஒன்றுக்கொன்று 25 மீட்டர் தள்ளி. 0-விலிருந்து 5 மீட்டருக்கு ஒரு சட்டம் என்றால் கயிற்றுக்கு 11, மொத்தம் 33. மூன்று குழு இருந்தால், சட்டத்துக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் முக்கால் மணிக்குள் முடியும். இது ஒரு தாழைப் படுகையின் முழு நிலையைப் பதிவதற்கு. வாய்க்கால் ஆய்வுக்கு ஒவ்வொரு தூரத்திலும் ஐந்து சட்டம் போதும்.

போர்வை சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் ஆளுக்கு ஆள் மாறும். முதல் ஐந்து சட்டங்களை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதட்டும். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நின்று பேசி, ஒரே கண்ணுக்கு வந்த பிறகு மேலே போகலாம். நேர் மேலிருந்து ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

தாழையா பாசியா என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் குழம்புவார்கள். தாழைக்கு வேர் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு உண்டு, பூக்கும். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை போன்ற கடற்பாசிகளுக்கு இவை கிடையாது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டையான இலையின் நுனியில் ரம்பப் பல் தெரிந்தால் சைமோடோசியா செருலேட்டா. கட்டைவிரல் நகம் போல முட்டை வடிவம், நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் என்றால் ஹாலோபைலா ஓவாலிஸ். இலை தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தால் சிரிங்கோடியம். நீண்ட நாடா போன்ற இலை, தண்டில் கறுப்பு முடி போல நார் இருந்தால் என்ஹாலஸ். ஆவுளியா (கடற்பசு) மேய்வது இந்தப் படுகைகளில்தான் என்பதைச் சொன்னாலே பிள்ளைகள் குனிந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பார்ப்பதற்குப் பிடுங்க வேண்டாம், கரையில் ஒதுங்கிக் கிடப்பதே போதும்.

அரசுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 21 தீவு, 560 சதுர கி.மீ., 1986-இல் அறிவிக்கப்பட்டது. கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் பள்ளி அருங்காட்சியகத்துக்கு என்று எடுத்துவரக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை காக்கப்பட்டவை. படம் எடுங்கள், அளவு தெரிய ஓர் அடிக்கோல் வையுங்கள், இருந்த இடத்திலேயே விடுங்கள்.

கலங்கலை அளக்க நினைத்தால் ஓர் எச்சரிக்கை. நீரை வடிகட்டி, தாளை உலர்த்தி எடை பார்க்கும் முறை உங்கள் தராசுக்கு ஆகாது. தராசின் மிகச் சிறிய படியே 10 மி.கி. அரை லிட்டர் வடிகட்டினால் கிடைப்பதே அந்த அளவுதான் இருக்கும். இன்னொன்று, வடிதாளில் 1 மி.லி. கடல்நீர் தங்கினாலே உலரும்போது 35 மி.கி. உப்பு நிற்கும், அரை லிட்டர் மாதிரிக்கு அது லிட்டருக்கு 70 மி.கி. பொய்க் கலங்கல். செக்கி தட்டு (நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்க்கும் கறுப்பு வெள்ளைத் தட்டு) என்றால் தரை தெரியும் ஆழத்தில் பயனில்லை. ஒரு மீட்டர் கண்ணாடிபோல் தெளிந்த குழாயின் அடியில் கறுப்பு வெள்ளைத் தட்டை ஒட்டி, மேலிருந்து பார்த்துக்கொண்டே நீர் ஊற்றி, தட்டு மறையும் உயரத்தைக் குறியுங்கள். இருவர் பார்த்துச் சராசரி எடுத்தால் போதும்.

கடலோர ஆசிரியை

மூவருக்கும் நன்றி. நேரமும் தூரமும் இப்படிக் கலப்பதை நாளைக்கே பலகையில் வரைந்து காட்டுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அக்டோபர் முழுக்க மழையும் காற்றுமாக இருந்தால் பள்ளிக்குள்ளேயே என்ன செய்யலாம்? ஏ.பி. தேர்வை எழுதப் போவதில்லை என்றாலும் அதன் வினாக்களைப் பயிற்சிக்குத் தருகிறேன். பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், மதிப்பெண் விழமாட்டேன் என்கிறது. ஏன்?

பதில் 4: ஊருணி

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்வில் 80 பல்தேர்வு வினா 90 நிமிடத்துக்கு, 60 சதவீதம். விரிவாக எழுதும் வினா மூன்று, 70 நிமிடம், 40 சதவீதம். மூன்றில் முதலாவது ஓர் ஆய்வை வடிவமைப்பது. இரண்டாவது ஒரு சிக்கலுக்குத் தீர்வு சொல்வது. மூன்றாவதும் அதேதான், கணக்கோடு. நம் பிள்ளைகள் கட்டுரை எழுதிப் பழகியவர்கள். அங்கே வினைச்சொல்லுக்குத்தான் மதிப்பெண். "அடையாளம் காண்க" என்றால் ஒரு பெயர் போதும். "விவரி" என்றால் அதன் இயல்பு. "விளக்கு" என்றால் ஏன், எப்படி என்ற சங்கிலி முழுதாக வர வேண்டும். "வாய்க்கால் நீரால் மீன்கள் சாகும்" என்றால் சுழி. "வாய்க்கால் நீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைப் பெருக்கும், பாசி செத்து மட்கும்போது பாக்டீரியா ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கரைந்த ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும்" என்றால் முழு மதிப்பெண். நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் போச்சு. "மாசு", "சுற்றுச்சூழல் பாதிப்பு" என்ற பொதுச்சொற்களை ஒரு மாதம் தடை செய்துவிடுங்கள், எந்தப் பொருள், எந்த உயிர், எந்த வழி என்று எழுதப் பழகிவிடுவார்கள்.

கணக்கில் அமைப்பையும் அலகையும் காட்டியாக வேண்டும். நம் மாவட்டத்திலேயே வினா இருக்கிறது. கமுதி சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஆண்டு சராசரியாக 20 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால்: 648 × 8760 மணி × 0.20 = 11,35,296 மெகாவாட்-மணி. ஒரு வீட்டுக்கு மாதம் 200 யூனிட் என்றால் ஆண்டுக்கு 2.4 மெகாவாட்-மணி. வகுத்தால் 4,73,040 வீடுகள். 0.20-ஐ மறப்பவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். இரவு உண்டு என்பதை எண்ணால் சொல்லும் இடம் அது. அடுத்த பகுதியாக அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது, மழைநீர் இப்போது எந்தப் பக்கம் ஓடும், தகடு கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால் விவாதம் தானாக வரும்.

மழைக்கால ஆய்வுக்கு வருகிறேன். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது உங்கள் ஊர்ச் சிக்கல்தான், அதை மேசையில் செய்யலாம். 16 கிராம் சமையல் உப்பைக் கரைத்து 1 லிட்டர் ஆக்குங்கள். அதைப் பாதி பாதியாக நீர்த்தால் 8, 4, 2. கூடவே உப்பில்லாத நீர். ஐந்து அளவு, அளவுக்கு மூன்று தட்டு, தட்டுக்கு 20 பாசிப்பயறு. வடிதாளில் 5 மி.லி. விட்டு மூடி, ஒரே அலமாரியில் மூன்று நாள். முளைவேர் 2 மி.மீ. தாண்டினால் முளைத்தது என்று முதலிலேயே எழுதிவையுங்கள், எண்ணும்போது தகராறு வராது. மூடி சரியாகப் பொருந்தாத தட்டில் நீர் ஆவியாகி உப்பு இன்னும் ஏறிவிடும், அதனால் வீட்டு நீரைத் தெளித்து ஈடுகட்டக் கூடாது, உப்பு அளவு மாறிப்போகும். முதலிலேயே மூடி இறுக்கமான டப்பாவைத் தேடுங்கள்.

ஒரு நுணுக்கம். 60 பயறு போட்டதால் 60 மீளளவு (ஆய்வைத் தனித்தனியாகத் திரும்பச் செய்த எண்ணிக்கை) என்று எழுதுவார்கள். இல்லை. ஒரே தட்டின் 20 பயறும் ஒரே நீரை, ஒரே பூஞ்சையைப் பகிர்கின்றன. தட்டுதான் மீளளவு, ஆக மூன்று. மேலே தாழைச் சட்டங்களுக்கும் இதே பேச்சு. ஒரு படுகையில் 33 சட்டம் போட்டால் அந்தப் படுகையைப் பற்றி நன்றாகத் தெரியும், பாக் விரிகுடா முழுதைப் பற்றிச் சொல்ல அது ஒரே ஓர் இடம்தான்.

மழை விட்ட ஒரு நாள் பச்சை பூத்த ஊருணித் தண்ணீரை எடுத்து ஒளி, இருட்டு பாட்டில் செய்யுங்கள். ஒரே வாளியில் மெதுவாகக் கலக்கி, ஆறு பாட்டிலில் நிரப்பி, இரண்டை அப்போதே விங்க்ளர் கரைசல்கள் விட்டு நிலைப்படுத்துங்கள். இரண்டு வெயிலில், இரண்டு அலுமினியத் தாள் இரட்டைச் சுற்றாகச் சுற்றி, நான்கும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்குள் மூன்று மணி நேரம். தொட்டி இல்லாமல் வெயிலில் வைத்தால் ஒளிப் பாட்டில் சூடேறி, ஒளியோடு வெப்பமும் மாறிவிடும். உதாரணத்துக்குத் தொடக்கம் 6.2, ஒளி 7.4, இருட்டு 5.8 என்று வந்தால் நிகர உற்பத்தி 1.2 / 3 = மணிக்கு 0.4, சுவாசம் 0.4 / 3 = 0.13, மொத்த உற்பத்தி 1.6 / 3 = 0.53 மி.கி. ஆக்சிஜன். ஒளிப் பாட்டிலின் சுவரில் குமிழ் ஒட்டியிருந்தால் நீர் தெவிட்டிவிட்டது, அந்த ஆக்சிஜன் கணக்கில் வராது. நேரத்தை இரண்டு மணியாக்குங்கள்.

மண் பாட்டில் சோதனையை மட்டும் கடலோர மண்ணில் அப்படியே செய்யாதீர்கள். மண்ணைப் பாட்டிலில் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில், வண்டல் சில மணியில், களி ஒரு நாளுக்கு மேல் ஆகி இறங்கும் என்பது பாடம். உப்பு மண்ணில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வண்டலோடு சேர்ந்தே இறங்கிவிடும். களியே இல்லாத மண் என்று விடை வரும். வாலை நீரில் (காய்ச்சி வடித்த நீர்) மூன்று நான்கு முறை கழுவி, தெளிந்ததை வடித்து, அதன்பிறகு களித்துகள்களைப் பிரித்துவிடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கொஞ்சம் சேர்த்துக் குலுக்குங்கள். கழுவாத மண்ணையும் பக்கத்திலேயே ஒரு பாட்டிலில் வையுங்கள். இரண்டும் இறங்கும் வேகத்தைப் பார்த்தாலே, கண்மாய்க் களி ஆற்றுநீரில் வந்து கழிமுகத்தில் ஏன் படிகிறது என்பது புரியும்.

பதில் 5: பியூரெட்

ஊருணி சொன்ன ஒளி, இருட்டுப் பாட்டிலுக்கு ஒரு சேர்க்கை. வித்தியாசமே 0.4, 1.2 என்று வருவதால் தயோசல்ஃபேட் சரியாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். லிட்டருக்கு 6.205 கிராம், ஐந்து நீர் மூலக்கூறு உள்ள படிகம். வாலை நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கரைத்து, பழுப்புப் பாட்டிலில் வையுங்கள். நாளாக ஆக வலு குறையும். அதனால் ஒவ்வொரு ஆய்வு நாளிலும் பொட்டாசியம் டைக்ரோமேட்டால் ஒருமுறை தரம் பார்த்து, கிடைத்த நார்மாலிட்டியை 0.025 ஆல் வகுத்து அந்த எண்ணால் எல்லா அளவையும் பெருக்குங்கள். 0.01 கிராம் தராசில் டைக்ரோமேட்டைச் சிறு அளவில் நிறுத்தால் பிழை பெரிதாகும். 1.23 கிராம் நிறுத்து ஒரு லிட்டராக்கினால் 0.025 நார்மல் வரும், தராசுப் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கும். மிச்ச டைக்ரோமேட்டைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், தனிப் பாட்டிலில் பெயரெழுதிச் சேர்த்து வையுங்கள். குரோமியம் அது.